முதல் மணி தவறினால் அரை நாள் இழப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிகளில் அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை தயாராகும் நேரம் இது என்பதால், வருகைப் பதிவு தொடர்பாகச் சேலம் வட்டாரக் கல்லூரி முதல்வர்களின் கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். இங்குள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்ற விதியோடு பிணக்கு எதுவும் இல்லை. அந்த 75 விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் அநியாயம் இருக்கிறது.

பருவத்துக்கு 90 வேலை நாட்கள், நாளொன்றுக்கு 5 பாடவேளைகள் என்று கொண்டால் மொத்தம் 450 பாடவேளைகள். முதல் மணியில், அதாவது முதல் பாடவேளையில், பெயர் கூப்பிடும்போது வகுப்பில் இல்லாதவரை அரை நாள் வராதவராகப் பதிவு செய்யும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. பருவம் முழுவதிலும் 44 நாட்கள் முதல் மணியை மட்டும் தவறவிட்ட மாணவர், உண்மையில் 406 பாடவேளைகள் வகுப்பில் இருந்திருக்கிறார். அது 90 விழுக்காட்டுக்கும் மேல். அரை நாள் கணக்கிலோ அவருக்கு 22 நாட்கள் போய்விடுகின்றன. 75 விழுக்காட்டை மயிரிழையில்தான் தாண்டுகிறார். அதன்பின் ஒரே ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும், மருத்துவச் சான்றையும் வருகைக் குறைவுக்கான கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறை வாசலில் காத்து நிற்க வேண்டியதுதான்.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள். காப்பித் தோட்டங்களினூடே நடந்து பேருந்துப் பாதையை அடைந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று நெரிசலில் ஊர்ந்து கல்லூரி வாசலை எட்டும்போது முதல் மணி பாதி முடிந்திருக்கும். நனைந்த பையை மார்போடு அணைத்தபடி வகுப்பு வாசலில் நின்று, "உள்ளே வரலாமா ஐயா?" என்று கேட்கும் பெண்ணை உள்ளே அனுமதித்துவிடுகிறோம், ஆனால் பதிவேட்டில் விழுந்த குறி மாறுவதில்லை. மாலையில் நூலகத்தில் இருக்கலாம் என்றாலும் கடைசிப் பேருந்து அவளுக்காக நிற்காது.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இத்தகைய நாட்களில் ஏற்காடு வட்டத்துக்கு மட்டும் விடுமுறை விட்டால், அது மலையிலுள்ள பள்ளிகளுக்குப் பொருந்துமே தவிர, மலையிலிருந்து இறங்கி வந்து சேலத்தில் படிப்பவருக்குப் பொருந்தாது. சாலை மூடப்பட்ட நாளில் வராதவரையும் வீட்டில் தூங்கியவரையும் ஒரே குறியால் எழுதுவது எந்த வகையில் நியாயம்?

கால அட்டவணை மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழமைக்குப் பதிலாக முதல் நாள், இரண்டாம் நாள் என்று வேலை நாட்களை வரிசையாக எண்ணும் 'டே ஆர்டர்' முறை இருப்பதால், இடையில் ஒரு விடுமுறை வந்தாலே பாடவேளைகள் அடுத்தடுத்த நாட்களுக்குத் தள்ளிப்போகின்றன. அதைக்கூடச் சமாளிக்கலாம். முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப்பில், "நாளை பிற்பகல் சிறப்பு வகுப்பு, வருகை கட்டாயம்" என்று அறிவிப்பதைச் சமாளிக்க முடியாது. காலை ஷிப்டில் படித்துவிட்டுப் பிற்பகலில் கொலுசுப் பட்டறைக்கு வேலைக்குப் போகும் மாணவர்கள் சேலத்தில் இருக்கிறார்கள்; அந்தக் கூலி அவர்களுக்குப் பருவக் கட்டணம். ஏற்கெனவே வாரத்துக்கு 30 பாடவேளைகளும், அவற்றோடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத் திறன் பயிற்சியும் இருக்க, சுமையைக் குறைத்துக்கொள்ளும் உரிமை மாணவருக்கு இல்லை. விருப்பப் பாடத் தேர்வு முறை என்ற பெயர் இருந்தாலும், ஒரு பருவத்தில் இரண்டு தாள்களைக் குறைத்து எடுத்து அடுத்த பருவத்தில் ஈடுகட்ட நடைமுறையில் வழியில்லை.

பல கல்லூரிகளில் வருகைப் பதிவு கணினிக்கு மாறிவிட்ட நிலையில், பாடவேளைவாரியாக விழுக்காட்டைக் கணக்கிடக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. அடுத்த பருவம் முதல் அவ்வாறே கணக்கிட வேண்டும். மலைப்பாதை மூடப்பட்டதாக மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் நாட்களை அப்பகுதி மாணவர்களுக்கு வருகை நாட்களாகக் கொள்ள வேண்டும். கூடுதல் வகுப்புகளை ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இவற்றுக்கான ஒரு பொது வழிகாட்டுதலைப் பெரியார் பல்கலைக்கழகம் தன் இணைவுக் கல்லூரிகளுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.