'நாளையிலிருந்து காய்ச்சல்'

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆசிரியரும் பெற்றோரும் பேசிக்கொள்ள உதவும் குரல் மொழிபெயர்ப்புச் செயலிகள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே உள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பீகார், ஒடிசா பிள்ளைகளும் என்னிடம் படிக்கிறார்கள்.

முன்பெல்லாம் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். ஒரு பையன் வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போடுவதை அவன் அம்மாவிடம் ஐந்து நிமிடம் விளக்கினேன். அவன் திரும்பி நாலே வார்த்தை சொன்னான். அந்த அம்மா பூரித்துப்போய் அவன் தலையைத் தடவிவிட்டு, எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்! போனை நடுவில் வைத்த பிறகு இந்த வித்தை நின்றுவிட்டது.

ஆனால் போனும் சளைத்ததல்ல. ஒருநாள் "கல் ஸே புகார்" என்று அந்த அம்மா சொன்னதை "நாளையிலிருந்து காய்ச்சல்" என்றது. இந்தியில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. என் பக்கமும் குறை உண்டு. "பையன் கொஞ்சம் வாலுங்க" என்றேன். அவனுக்கு வால் இருப்பதாக இந்தியில் போயிருக்கிறது. பையன் விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் தெரிந்தது. கொங்குத் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. இப்போது செய்தி வாசிப்பவர் மாதிரிதான் அதனிடம் பேசுகிறேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். பீகார் என்றாலே இந்தி என்று நாம் பொத்தானை அழுத்துவதுதான் பெரிய கோளாறு. வீட்டில் அவர்கள் பேசுவது மைதிலி, போஜ்புரி. மைதிலியாவது 2003-இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில், அதாவது அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலில், ஏறியது. போஜ்புரிக்கு இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை. அரைகுறை இந்தியில் அந்த அம்மா பேச, அதை இயந்திரம் தமிழாக்க, என்னிடம் வந்து சேர்வது எத்தனையாவது நகலோ!

பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் படிப்பையும் பற்றிச் சொல்வது ஆசிரியரின் கடமை என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. லீவு, நோட்டு, தடுப்பூசி என்றால் சரி, செயலி போதும். பிள்ளை வேலைக்குப் போகிறதா, வீட்டில் அடி விழுகிறதா என்று கேட்க வேண்டிய நாளில் அதை நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஒடியாவும் போஜ்புரியும் தமிழும் தெரிந்த மேஸ்திரிகளும் கடைக்காரர்களும் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நம்பகமான நாலைந்து பேரைப் பார்த்து, அழைப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் வைத்து, பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் ஒரு பட்டியல் வைத்தால் என்ன?

அப்புறம், அந்த மட்டம் போட்ட பையனின் அம்மா. இரண்டு வருடத்தில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. போன மாதம் போனைத் தன் பக்கம் இழுத்து, "காலையில் பள்ளியில் போடும் உப்புமாவைச் சாப்பிடுகிறானா, கொட்டுகிறானா?" என்று கேட்டார். கொட்டுகிறான் என்றே சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
திருப்பூர்