ஆபுத்திரன் எங்கள் சீமைப் பிள்ளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பௌத்தக் கவிதை மரபைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜப்பானிய பாஷோவின் ஹைக்கூக்களையும், பாலி மொழியில் பிக்குணிகள் பாடிய தேரிகாதையையும் அவ்வளவு பக்குவமாக எடுத்துச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். படாசாராவின் பாட்டு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கணவன், இரண்டு குழந்தைகள், பெற்றோர் என எல்லோரையும் ஒருசேரப் பறிகொடுத்துப் பித்துப்பிடித்து அலைந்தவள் அவள். பிக்குணியான பிறகு ஒருநாள் கால் கழுவுகிறாள். கழுவிய நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இரவு அறைக்குள் போய், ஊசியால் விளக்குத் திரியை உள்ளே இழுக்கிறாள். சுடர் அணைகிறது, மனமும் விடுபடுகிறது. மறுநாள் தாமிரபரணிப் படித்துறையில் கால் நனைத்தபோது அந்தப் பெண் எனக்குப் பக்கத்துப் படியில் நிற்பது போலிருந்தது.

ஆனாலும் ஒரு குறை. அத்தனை பெரிய கட்டுரையில் மணிமேகலைக்குக் கிடைத்தது இரண்டே வரி. அதுவும் புகாரோடும் காஞ்சியோடும் முடிந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஓர் இலக்கிய விழாவில் பௌத்தப் பாடல்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன். "ஆழ்வார் பாசுரம் பேசுங்கள், குற்றாலக் குறவஞ்சி பேசுங்கள், பௌத்தத்துக்கும் நெல்லைச் சீமைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. வீட்டுக்கு வந்து மணிமேகலையை முதல் காதையிலிருந்து படிக்கத் தொடங்கினேன். பதின்மூன்றாம் காதையில் பதில் இருந்தது.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தை முதன்முதலில் கையில் ஏந்திய ஆபுத்திரன் பிறந்தது எங்கள் மண்ணில். வாரணாசியிலிருந்து குமரியில் நீராட வந்த சாலி என்ற பெண், "பொன்தேர்ச் செழியன் கொற்கையம் பேரூர்க் காவதம் கடந்து கோவலர் இருக்கையில்" ஒரு குழந்தையைப் பெற்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். கொற்கைக்கு ஒரு காவத தூரம் என்றால் அது எங்கள் சுற்றுவட்டாரம்தான். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை இதுவும் திருநெல்வேலி மாவட்டமே. அதன் பிறகு மணிமேகலையைப் பாடிய சாத்தனார் சொல்வதை அப்படியே தருகிறேன்:

"தாயில் தூவாக் குழவித் துயர்கேட்டு
ஓர்ஆ வந்து அணைந்து ஆங்கு அதன் துயர்தீர
நாவால் நக்கி நன்பால் ஊட்டிப்
போகாது எழுநாள் புறங்காத்து ஓம்ப..."

தாயில்லாமல் தவித்த குழந்தையின் அழுகை கேட்டு ஒரு பசு வந்து, நக்கிப் பால் கொடுத்து, ஏழு நாள் விலகாமல் காத்தது என்கிறார். இந்த வரிகளை ஒரு மாலை நேரத்தில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஐம்பது வருடமாக மாடு வைத்துப் பால் கறப்பவர், படிப்பு இல்லை. தொழுவத்தில் உட்கார்ந்து கேட்டவர், "அது கன்று செத்த பசுவாக இருக்கும்" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "கன்று இருக்கிற பசு இன்னொரு குட்டியை அண்டவிடாது. கன்றைப் பறிகொடுத்த பசுவுக்குத்தான் மடி கட்டி வலிக்கும், எதைக் கண்டாலும் நக்கும்" என்றார். எங்கள் வீட்டிலேயே ஒருமுறை கன்று இறந்தபோது, அதன் தோலில் வைக்கோல் அடைத்துப் பசுவின் முன் நிறுத்திக் கறந்தோம். அந்த வைக்கோல் கன்றின் முதுகைப் பசு நக்கி நக்கி ரோமமெல்லாம் ஈரமாகப் படிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"அதன் துயர்தீர" என்பதற்குக் குழந்தையின் துயர் தீர என்றுதான் பொருள் கொள்கிறார்கள். அது சரியான பொருளே. ஆனால் அம்மாவின் காதில் அது பசுவின் துயராகவும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கும் அந்த வரியில் இரண்டு துயரமும் கேட்கிறது. எந்த உரைநூலும் எனக்குத் தராததைத் தொழுவத்தில் உட்கார்ந்து அம்மா தந்தார்.

பிறகு வயனங்கோட்டு இளம்பூதி என்ற அந்தணன் அந்தப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறான், வேதமும் கற்பிக்கிறான். வேள்விக்காகக் கட்டி வைத்த பசுவை ஆபுத்திரன் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போகிறான். பிடித்து அடிக்கிறார்கள். "ஆ மகன்", அதாவது பசுவின் மகன், என்று இகழ்கிறார்கள். உங்கள் முனிவர்களில் பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவர்கள் இல்லையா என்று திருப்பிக் கேட்கிறான். ஊர் துரத்துகிறது, பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறது. மதுரைக்குப் போய்ப் பிச்சை எடுத்ததை அவன் என்ன செய்தான் என்று சொல்லும் அடிகளை மனப்பாடமாகவே எழுதுகிறேன்: "காணார் கேளார் கால்முடப் பட்டோர், பேணுநர் இல்லோர் பிணிநடுக் குற்றோர், யாவரும் வருக" என்று கூவி அழைத்து ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்தப் பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பின்னால்தான். பாத்திரத்தின் அற்புதத்தை எல்லோரும் பேசுகிறோம். வெறும் ஓட்டைத் தலையணையாக வைத்துப் படுத்த அந்த இரவுகளை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இதையெல்லாம் படித்த கையோடு கொற்கைக்குப் போனேன். ஏரலிலிருந்து பஸ். குளக்கரையில், இரண்டாயிரம் ஆண்டு என்று ஊரார் சொல்லும் வன்னிமரம் நிற்கிறது. கடல் பின்வாங்கிப் பல மைல் போய்விட்டதால் துறைமுகம் இருந்த ஊரைச் சுற்றி இப்போது வாழையும் நெல்லும். முத்துக் குளித்ததைச் சொல்கிறார்கள், பாண்டியர் துறைமுகத்தைச் சொல்கிறார்கள், 1968இலும் 2021இலும் நடந்த அகழாய்வைச் சொல்கிறார்கள். எல்லாம் சொல்ல வேண்டியவையே. ஆபுத்திரனைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்ட பெரியவர் ஒருவர், "அது யாரம்மா, இந்த ஊர்க்காரரா?" என்றார். ஆமாம் ஐயா, இந்த ஊர்க்காரர்தான் என்று சொல்லி முழுக் கதையையும் சொன்னேன். மரத்தடியில் இன்னும் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆழ்வாரைப் பேசுங்கள் என்று சொன்னவர்களுக்கும் இன்று பதில் சொல்வேன். கொற்கைக்கு மேற்கே, அதே ஆற்றின் கரையில் இருக்கும் திருக்குருகூரை, இன்றைய ஆழ்வார்திருநகரியை, பாடும் பதிகத்தில்தான் நம்மாழ்வார், "சமணரும் சாக்கியரும் வலிந்து வாதுசெய்வீர்களும் மற்றும் நும் தெய்வமும் ஆகி நின்றான்" என்கிறார். சாக்கியர் என்றால் பௌத்தர். "வாது செய்வீர்களும்" என்று முன்னால் நிற்பவர்களைப் பார்த்துப் பேசுவது போலப் பேசி, நீங்களும் அவனே என்று முடிக்கிறார். அடுத்த அடியிலேயே செந்நெல் கதிர் கவரி வீசுகிறது. அவர் ஒப்புக்கொள்ளாத சமயம்தான். ஆனாலும் எதிராளியைத் தன் பாட்டுக்குள் உட்கார வைத்த அந்தப் பெருந்தன்மைக்கு நான் தலைவணங்குகிறேன். பொதிகை அகத்தியர் அவலோகிதர் என்னும் போதிசத்துவரிடம் தமிழ் கேட்டார் என்று பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரர் பாடுகிறார். பொதிகை எங்கள் மலை. பௌத்தத்துக்கும் இந்தச் சீமைக்கும் சம்பந்தம் இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

பாஷோவைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எட்டயபுரத்துப் பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிவிட்டார். தூரத்துப் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்பது எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். வாசலில் கிடப்பதையும் எடுத்துப் படியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை உண்டு. மணிமேகலையின்படி, ஆபுத்திரன் கடைசியில் விட்ட கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வருவது புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று. நம்மாழ்வார் பிறந்ததும் வைகாசி விசாகம். ஆழ்வார்திருநகரியில் அன்று பெருந்திருவிழா. திருச்செந்தூரிலும் அன்று கூட்டம் அலைமோதும். அந்த நாளை ஒட்டி வரும் இதழில் ஆபுத்திரன் காதையின் அடிகளையும் திருக்குருகூர்ப் பாசுரத்தையும் ஒரே பக்கத்தில், எளிய பொருளோடு வெளியிடுங்கள். எழுத்துச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். கொற்கையில் ஆபுத்திரன் பெயரில் ஒரு பலகை வைக்கச் சொல்லி ஊராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தையும் அதோடு இணைத்துக் கொடுப்பேன்.

அன்று காலை எங்கள் பால் சங்கத்துத் திண்ணையில், பால் ஊற்ற வருகிறவர்களுக்கு அதை உரக்க வாசிக்கப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏரல் வட்டாரம்.