மச்சானுக்கு, டிஸ்க் பெயர்கள் பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் மச்சான்,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? இங்கே பின்னேரமானால் மழை. காலி வீதியில் பஸ் நகர்வதில்லை.

யாழ்ப்பாணத்தில் உங்கள் அலுவலகத்திலும் இரண்டு சேர்வர்களை ஒரே ஸ்டோரேஜில் பூட்டப் போவதாக எழுதியிருந்தாய். அதனால் இதை உடனே சொல்லவேண்டும்.

போன சனி இரவு எங்கள் கிளஸ்டருக்கு, அதாவது சேர்ந்து இயங்கும் இரண்டு சேர்வர்களுக்கு, புதிதாக 500 ஜிபி டிஸ்க் ஒன்று ஒதுக்கினோம். நான் இருந்த முதல் சேர்வரில் அது எம்பாத்-சி என்று வந்தது. ஒரே டிஸ்க்குக்குப் போகும் பல பாதைகளை ஒன்றாகக் காட்டும் லினக்ஸின் மல்ட்டிபாத் வைக்கிற பெயர் அது. இரண்டாவதில் இருந்த தம்பி, "இங்கேயும் எம்பாத்-சி இருக்கு அண்ணை, 500 ஜிபிதான். ஃபோர்மட் பண்ணட்டா?" என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. "பொறு, டபிள்யூடபிள்யூஐடியை வாசி" என்றேன். அது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய தனி அடையாள எண். என் பக்கம் கண்டதோடு பார்த்தால் கடைசி நான்கு இலக்கமும் வேறு! அவன் கண்டது முதல் சேர்வரில் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் டிஸ்க். அவன் பக்கம் அது மவுண்ட் ஆகாததால் (பாவனைக்கு இணைக்கப்படாததால்), பாவனையில் இருக்கிறது என்று லினக்ஸ் தடுத்திருக்காது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது.

எம்பாத்-ஏ, பி, சி எல்லாம் ஒவ்வொரு சேர்வரும் தான் கண்ட வரிசையில் வைத்து, தன் பைண்டிங்ஸ் கோப்பில் எழுதிக்கொள்கிற பெயர். இரண்டாவது சேர்வருக்கு முன்பு சோதனைக்கென ஒரு டிஸ்க் காட்டி எடுத்திருந்தோம். அது 'பி'யைப் பிடித்துக்கொள்ள, டேட்டாபேஸ் 'சி'க்குப் போய்விட்டது. ஒவ்வொரு பாதைக்கும் லினக்ஸ் தனித்தனியாக வைக்கிற எஸ்டிபி, எஸ்டிசி பெயர்கள் இன்னும் மோசம். நான்கு பாதை இருந்தால் ஒரே டிஸ்க் நான்கு பெயரில் நிற்கும். ரீபூட்டில் அவை மாறவும் கூடும். டபிள்யூடபிள்யூஐடி ஸ்டோரேஜ் கொடுப்பது, எந்தச் சேர்வரிலிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். ஒன்று கவனி: லினக்ஸ் காட்டுவதில் முன்னால் ஒரு 3 கூடுதலாக இருக்கும். ஸ்டோரேஜ் திரையில் அது இராமல் போகலாம், குழம்பாதே.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? மல்ட்டிபாத் கொன்ஃபிக்கில் ஒவ்வொரு டபிள்யூடபிள்யூஐடிக்கும் 'டேட்டா01', 'லொக்01' என்று ஏலியஸ் (நாங்களே வைக்கிற பெயர்) எழுதி, அதே வரிகளை இரண்டு சேர்வரிலும் போட்டோம். அப்புறம் பூட் தொடங்கும்போது லினக்ஸ் முதலில் ஏற்றுகிற சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்தோம். அதை விட்டால் பூட் ஆகும்போது பழைய பெயரே வந்து நிற்கலாம்.

நீ இரண்டாவது சேர்வரைச் சேர்ப்பதற்கு முன், இரண்டிலும் 'மல்ட்டிபாத் எல்எல்' கட்டளையை ஓட்டி வருவதை எனக்கு அனுப்பு. நானும் ஒருதரம் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பொங்கலுக்கு வருவேன், அம்மாவிடம் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்