பொங்கல் விழாக் குழுவுக்கு: கவியரங்கத்துக்கு முக்கால் மணி நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு விழாவில் கவியரங்கம் எப்படி முடிந்தது என்பது நீங்கள் அறிந்ததே; முன்வரிசையில்தான் இருந்தீர்கள். மூன்றாவதாக வந்த படிவம் இரண்டு (எட்டாம் வகுப்பு) மாணவி, செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் பெண்களைப் பற்றிய விருத்தத்தில் மூன்றாம் அடியை முடித்து மூச்செடுத்தாள். அதற்குள் அறிவிப்பாளர் நன்றி சொல்லிவிட்டார். நடனத்துக்கான பாட்டும் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளை தாளை மடித்துக்கொண்டு இறங்கினாள். அடுத்துக் காத்திருந்த இருவர் மேடையேறவே இல்லை.

விருத்தத்துக்கு நான்காம் அடிதான் உயிர். முதல் மூன்றும் காட்சியைக் கட்டும். சொல்ல வந்தது ஈற்றடியில்தான் வந்து விழும். அதற்கு முன் ஒலிவாங்கியைப் பிடுங்கினால் அந்தப் பெண்களைப் பற்றி அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். அப்படித்தான் போனது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு கவியரங்கத்துக்கு முக்கால் மணி நேரம் தாருங்கள்.

இது மனம்போன கணக்கல்ல. எண்சீர் விருத்தத்தில் நான்கு அடி, அடிக்கு 8 சீர், ஆக 32 சீர். அவையில் சீருக்கு ஒரு நொடியாவது பிடிக்கும். முதலடியை இருமுறை சொல்வது மரபு என்பதால் ஒரு பாட்டுக்கு 40 நொடி. தமிழ் வாழ்த்து, அவையடக்கம், தலைப்பில் ஆறு பாட்டு என்றால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் தாண்டும். ஐவருக்கு 27 நிமிடம். தலைவரின் தொடக்கம், ஒவ்வொருவரையும் பாட்டாலேயே அழைப்பது, முடிப்பு இவற்றுக்கு 11 நிமிடம். ஏறி இறங்கவும் கைதட்டவும் மிச்சம் ஏழு. நீங்கள் தந்தது 15 நிமிடம், அதுவும் மாலை 5 மணிக்கு. பிற்பகல் மழை பிடிக்கும் ஊர் இது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இரவு 8 மணிக்கு வைத்தால் பெரும்பாலும் மழை ஓய்ந்திருக்கும், வேலை முடிந்து குளித்துவிட்டு ஜனங்களும் வந்து சேர்வார்கள்.

ஒலி அமைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரோக்கேக்கு வைத்த எக்கோவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு சீரின் எதிரொலி அடுத்த சீரின் மேல் ஏறி உட்காருகிறது. முதல் சீரிலும் ஐந்தாம் சீரிலும் மோனை வைத்திருப்பது காதுக்கு எட்டவே எட்டாது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். எக்கோவைச் சுழியத்தில் வையுங்கள். பேஸைக் குறைத்து டிரெபிளைச் சற்றே கூட்டுங்கள். ஸ்பீக்கர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் இருந்தால் கீச்சிடும். பிள்ளைகள் நான்கு விரல் தூரத்தில் நின்று பேச நாங்கள் பழக்கிவிடுகிறோம். இதற்கெல்லாம் ஒரு காசுகூடச் செலவில்லை.

தலைப்பு மூன்று வாரம் முன்பே வேண்டும். முதல் வாரம் ‘காய், காய், மா, தேமா’ என்ற சீர் வாய்பாட்டில் அரையடியைக் கையால் தட்டிப் பழக வேண்டும். இரண்டாம் வாரம் எழுதித் திருத்த வேண்டும், மூன்றாம் வாரம் உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுதும் வாரத்தில்தான் அசல் வேலை நடக்கிறது. நான்காம் எதுகைக்குச் சொல் கிடைக்காத பிள்ளை பாட்டியிடம் போய்க் கேட்கிறாள். பெரட்டு (காலை ஆள்கணக்கு), வாளி, மங்கு (ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று லயத்துச் சொற்கள், தோட்டக் குடியிருப்பு வரிசைகளின் சொற்கள், வந்துகொண்டே இருக்கின்றன. பள்ளியில் செய்யுளும் மொழியணியும் உண்டு, நல்ல பாடம்தான். ஆனால் அங்கே மனனம் செய்வது பிறர் வரி. தன் வீட்டு உழைப்பைத் தன் வாயால், அளந்தெடுத்த சொற்களில், ஊர் முன்னால் சொல்ல இந்தப் பட்டணத்தில் வேறு மேடை கிடையாது. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன. அங்கே வாழ்ந்தவர்களின் பாட்டை யார் எழுதி வைத்தோம்?

பாரதி ஃபிஜித் தீவைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களின் துயரத்தைப் பாடினார். ஒப்பந்தக் கூலிகளாக ஆள் அனுப்புவது 1917இல் நிறுத்தப்படப் பலரும் போராடினார்கள்; ஆனால் எவரும் போராட எழுவதற்கு முன் அந்தத் துயரம் தன் வீட்டுத் துயரம் என்று தோன்ற வேண்டும். அதைக் கவிதை செய்யும் என்று நம்பித்தான் அவர் கவிதையைத் தம் தொழில் என்றே எழுதி வைத்தார். நாங்களும் அதை நம்புகிறோம். பழம் பொறுக்கும் பெண்களின் பிள்ளைகள் சபையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அந்த ஈற்றடியைக் கேட்டிருக்க வேண்டும்.

திரைப்பாட்டு நடனங்களுக்கும் பிரமுகர் உரைகளுக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் நேரம் எப்படியோ நீள்கிறது. நேரம் போதாதபோது கவியரங்கத்தில்தான் கை வைக்கிறீர்கள். 1952இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கியது தமிழர் மொழியாலும் கலையாலும் ஒன்றுகூட வேண்டும் என்றுதான். அந்த வழியில் வந்த விழாவிலேயே தமிழ்க் கவிதைக்கு இடமில்லையென்றால் எங்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். விழாவுக்காக நீங்கள் வீடு வீடாக நன்கொடை திரட்டும் பாடு எங்களுக்குத் தெரியும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, முக்கால் மணி நேரம், இரவு 8 மணி, தலைப்பு மூன்று வாரம் முன்பே என்ற மூன்றையும் எழுத்தில் உறுதி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இம்முறை மேடையேறாத இருவரையும், பாதியில் இறங்கிய மாணவியையும் அடுத்த கவியரங்கில் முதலில் அழைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கவியரங்கப் பயிற்றுநர்கள்