எங்கள் கிணற்றைத் திருப்பித் தந்தவர்களுக்கு

அன்பான ஐயாமாருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

எங்கள் கிணறுகளைத் துப்புரவாக்கித் தந்துவிட்டு, பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். போடவில்லை. நன்றியும் வேண்டாம் என்றீர்கள். அதை மட்டும் எங்களால் கேட்க முடியாது. ஒழுங்கைச் சனம் முழுக்கச் சேர்ந்து, படிப்பித்தவள் என்பதால் என்னை எழுதச் சொன்னது.

1990இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடும்போது என் மூத்தவளுக்கு ஒரு வயது. 2017இல் இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டு உள்ளே வந்தபோது அவளுடைய மகனுக்கு ஆறு வயது. இடையில் 27 வருடம் நலன்புரி நிலையம் என்ற அகதி முகாமிலும் வாடகை வீடுகளிலும் போனது. வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை, முற்றத்தில் ஆள் உயரத்துக்குப் பத்தை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். கிணற்றை எட்டிப் பார்த்தபோதுதான் கால் சோர்ந்தது. இடிந்த சுவர்களின் கல்லும் கொங்கிறீட்டும் கிணற்றுக்கட்டு வரைக்கும் நிரம்பிக் கிடந்தன. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. கிணறு இல்லாமல் எப்படிக் குடியிருப்பது? தண்ணி பவுசர் வரும் நாளை எண்ணிக்கொண்டு ஒரு வருடம் இருந்தோம்.

நீங்கள் வந்த அன்றே வேலை தொடங்கும் என்று நினைத்தோம். கண்ணிவெடி அகற்றி முடிந்ததற்கான கடிதத்தைப் பார்க்காமல் ஒரு கல்லையும் தொடமாட்டோம் என்று நின்றுவிட்டீர்கள். எங்களுக்குக் கொஞ்சம் மனக்கசப்புத்தான். பிறகு தினமும் காலையில், ஆள் இறங்க முன்னர், உள்ளே மூச்சுவிட நல்ல காற்று இருக்கிறதா என்று அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பீர்கள். சேறு தெரிந்த நாளில் அது பாதி ஆழத்திலேயே நூர்ந்து போனது. இறங்குவதற்குக் கிணற்றுக்கட்டில் கால் வைத்திருந்த என் தம்பியின் மகனை, உங்களில் மூத்த ஐயா கையைப் பிடித்து இழுத்தார். காற்றடிக்கும் மெசின் வந்து, இரண்டு மணித்தியாலம் ஓடி, லாம்பு அடி வரைக்கும் எரிந்த பிறகுதான் அவனை விட்டார். ஐயா, அவனுடைய தாய் உங்களுக்கு எழுதச் சொன்னது இதைத்தான்.

அடுத்தது மோட்டர். ஒழுங்கைக்கு ஒரு பெரிய மோட்டரும் பெரிய தாங்கியும் கேட்டோம். நீங்கள் முடியாது என்றீர்கள். சனசமூக நிலையத்தில் சத்தம் கூடிப் போனது. "காசு இல்லாட்டிச் சொல்லுங்கோ, நாங்கள் சேர்த்துத் தாறம்" என்று நானே கேட்டேன். தங்கச்சி ஒருவர் போத்தலில் பாதிக்குத் தண்ணியும் மேலே நல்லெண்ணெயும் ஊற்றி மேசையில் வைத்தார். சுண்ணாம்புக்கல்லுக்குள் நாங்கள் குடிக்கிற மழைத்தண்ணி, கடல்தண்ணிக்கு மேல் இப்படித்தான் மிதக்கிறது என்றார். கடல்மட்டத்துக்கு மேலே நல்லதண்ணி 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்குமாம். அந்த 1 அடியை இறைத்துக் குறைத்தால், அடியிலிருந்து சவர்த்தண்ணி ஏறக்குறைய 40 அடி மேலே ஏறுமாம். கடல் எங்கள் படலையிலிருந்து கூப்பிடு தூரம். அதற்குப் பிறகு ஒருவரும் சத்தம் போடவில்லை. இரண்டு கிணறுகளில் இரண்டு சின்ன மோட்டர்கள், காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம். என் அப்பா காலத்துத் துலாவும் கிணற்றை இப்படி ஆறவிட்டுத்தான் இறைத்தது என்று அன்று இரவு யோசித்துக்கொண்டு கிடந்தேன். கேட்டதைக் கட்டித் தந்துவிட்டுப் போயிருந்தால் நாங்கள் மாலை போட்டிருப்போம். இரண்டாம் கோடையில் உப்புத் தண்ணி குடித்திருப்போம்.

மலசலகூடக் குழிகளைத் தள்ளி வெட்ட வைத்ததும் அப்படித்தான். கல்லில் வெடிப்பு இருந்தால் குழியில் விழுவது கிணற்றுக்கு வரும் என்று வீடு வீடாக வந்து சொன்னீர்கள். அதற்காகத் தன் வளவில் இடம் விட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வந்த மூன்று பேரும், போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்த விளக்கில் யாழ்ப்பாணத்திலேயே படித்த பிள்ளைகள் என்று கடைசி நாளில்தான் தெரியும். முதலே சொல்லியிருந்தால் பாயில் படுக்க விட்டிருக்கமாட்டேன்.

நீங்கள் தந்த பேனா மாதிரியான உப்பளக்கும் கருவி பத்திரமாக இருக்கிறது. கிழமைக்கு ஒரு முறை அளந்து சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறோம். முதல் கொப்பி முடிந்துவிட்டது. இரண்டாவதன் முதல் பக்கம் என் பேரனின் எழுத்து. 7ஐ மட்டும் திருப்பிப் போடுவான், பார்த்து வாசியுங்கள். மார்கழி மழைக்குப் பிறகு உப்பு எண் நன்றாக இறங்கியிருக்கிறது. கிழக்குப் பக்கத்துக் கிணற்றில் மட்டும் போன கோடையை விடக் கொஞ்சம் கூடுதல். அங்கே இறைப்பை இருபது நிமிடமாகக் குறைத்திருக்கிறோம். சரியா என்று சொல்லுங்கள்.

ஆடிப்பிறப்புக்கு ஒருவராவது வாருங்கள். கூழ் அந்தத் தண்ணியில்தான் காய்ச்சுவோம்.

அன்புடன்,
ஒழுங்கைச் சனத்துக்காக,
உங்கள் ரீச்சர்
வலிகாமம் வடக்கு