1948 இல் எல்லோரும் குடிமக்கள் ஆகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சுதந்திர தினக் கட்டுரையில், 1948 இல் இலங்கை மக்கள் அனைவரும் குடிமக்களானதாக எழுதியிருந்தீர்கள். இந்திய வம்சாவளியினரான நாங்கள் வாழ்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அப்படி நடக்கவில்லை.

என் தாத்தா 1947 பொதுத் தேர்தலில் பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் வாக்களித்தவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணியின் பெயர்ப்பட்டியலில் வளர்ந்த மனிதரிடம் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1949 இல் வாக்கும் போனது. அவர் பறித்த கொழுந்து மட்டும் இலங்கைத் தேயிலை என்ற பெயரில் கப்பலேறியது!

1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாத எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். சின்ன தாத்தா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, இப்போது தமிழ்நாட்டுக் கூடலூரில் இருக்கிறது. அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்கிறார்கள். இங்கே எங்களை 'இந்தியாக்காரர்' என்றார்கள்.

இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003 சட்டத்துக்குப் பிறகுதான் அப்பாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. தாத்தா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பாவின் அடையாள அட்டையில் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள். திருத்த நாலு தடவை அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் சம்பளம் போனது.

அடுத்த கட்டுரையிலாவது இந்த ஆண்டுகளையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தலவாக்கலை