ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜவ்வாது மலைக்கு வாரக் கடைசியில் கார், பைக் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது ரொம்பவே கூடிவிட்டார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் குறுகலான மலைப் பாதையில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் எதிரெதிரே வந்துவிட்டால் யார் நின்று வழி விட வேண்டும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. போன மாசி மாதம் எனக்கு நேர்ந்தது இந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கிறது.

என்னிடம் இருப்பது மகிந்திரா எஃப்.சி. 150 பிக்கப். 1971இல் என் அப்பா வாங்கியது. அப்போது வேலூரில் எங்களுக்குப் புளி மண்டி இருந்தது. மாசி, பங்குனியில் மலையில் புளி உலுக்குகிற காலம் வந்தால் அப்பா உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின் எல்லாம் ஏற்றிக்கொண்டு மேலே போவார், புளியோடு கீழே வருவார். பள்ளிக்கூடம் லீவு என்றால் நான்தான் கிளீனர். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

இந்த வண்டியைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வில்லீஸ் ஜீப் கம்பெனி வடிவமைத்து, இங்கே மகிந்திரா தயாரித்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பானெட் கிடையாது, முகம் தட்டையாக இருக்கும். டிரைவர் கிட்டத்தட்ட முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். எஞ்சின் கேபினுக்குள்ளேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். 2,199 சிசி பெட்ரோல் எஞ்சின். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 81 அங்குலம்தான், அதனால் கொண்டை ஊசி வளைவில் ஆட்டுக்குட்டி மாதிரி திரும்பும். ஆனால் எடை முழுக்க முன்பக்கம். காலி வண்டியாக இறக்கத்தில் அழுத்திப் பிரேக் போட்டால் பின்பக்கம் லேசாகிவிடும். அதற்காக அப்பா எப்போதும் பின்னால் நாலு மணல் மூட்டை போட்டுவைப்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

கியர் மூன்றுதான். ஓடும்போதே கியர் பற்களைச் சீராகச் சேர்த்துவிடுகிற சிங்க்ரோ என்ற அமைப்பு முதல் கியருக்குக் கிடையாது. ஓடுகிற வண்டியை மேட்டில் முதல் கியருக்கு இறக்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடித்து, அதாவது கிளட்சை இரண்டு முறை அழுத்தி, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, சரியான நேரத்தில் தள்ள வேண்டும். தப்பினால் பல் அரைபடும். ஆகவே மேட்டின் அடியிலேயே முதல் கியர் போட்டுக்கொண்டு, ஒரே சீராக, நிற்காமல் ஏறிவிடுவதுதான் இந்த வண்டிக்கும் நல்லது, ஓட்டுகிறவனுக்கும் நல்லது.

பல வருடம் ஷெட்டில் கிடந்த வண்டியை வேலை ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு பாகமாகத் தேடி எடுத்து ஓட வைத்தேன். பதிவு, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் நடப்பில் இருக்கின்றன. ஐம்பது வருடம் தாண்டிய சொந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' வரிசையில் தனி எண் தரும் விதி 2021இல் வந்தது. அதை ஏன் வாங்கவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த எண்ணை வாங்கினால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம், அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. மலை ஏறுவதற்கென்று பிறந்த வண்டியை என்னால் பந்தலில் நிறுத்திவைக்க முடியாது.

சரி, மாசி மாதக் கதைக்கு வருகிறேன். நானும் என் அக்கா மகனும் விடியற்காலை வேலூரிலிருந்து கிளம்பினோம். கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் வழியாக மலை ஏறி, ஜமுனாமரத்தூர் பார்த்துவிட்டு, காவலூர், ஆலங்காயம், வாணியம்பாடி வழியாகத் திரும்புவது திட்டம். நடுவில், அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைப் பார்க்க, பெரிய சாலையை விட்டுப் பிரிந்து ஒரு கிராமத்துக்கு ஏறினோம். ஒரு வண்டி அகலப் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். வண்டி ஒதுங்குவதற்கென்று வளைவுகளில் மட்டும் கொஞ்சம் அகலமாக விட்டிருக்கிறார்கள்.

பாதி மேட்டில் இருக்கும்போது மேலே இருந்து புதுக் கார் ஒன்று இறங்கி வந்தது. அவர்களுக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் ஒதுங்கும் இடம் இருந்தது, அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். நான் ஹாரன் அடித்தேன், கையைக் காட்டினேன். கார் நேராக வந்து எனக்குப் பத்தடி முன்னால் நின்றது. வேறு வழியில்லாமல் நானும் நின்றேன்.

காலால் பிரேக்கை அழுத்தி, ஹாண்ட் பிரேக்கையும் இழுத்துப் பிடித்தேன். ஆனாலும் வண்டி பின்னால் அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று நகர்வது சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். அக்கா மகன் நான் சொல்லும் முன்பே குதித்து ஓடினான். பின்னால் கொக்கியில் கயிற்றோடு தொங்குகிற கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டான். "மாமா, கட்டை போட்டுட்டேன், மெதுவா விடுங்க" என்று கத்தினான். வண்டி கட்டையில் உட்கார்ந்தது.

அந்தக் கட்டை புளிய மரத்தில் செய்தது, அப்பா காலத்துக் கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும். எண்ணெயும் மண்ணும் ஊறிக் கறுத்துப்போய், சரிவான பக்கம் முழுக்க டயர் பட்ட வரிகள். சின்ன வயதில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அன்றைக்கு அது இல்லையென்றால் பள்ளத்துப் பக்கம் பார்த்திருக்க வேண்டியதுதான்.

அதற்குள் எஞ்சினும் நின்றுவிட்டது. நின்ற வண்டியில் காற்றோட்டம் இல்லாமல், கேபினுக்குள் இருக்கிற எஞ்சின் கொதித்துவிடும். பெட்ரோல் பம்புக்கு வருவதற்குள்ளேயே குழாயில் ஆவியாகிவிடும், ஏர் லாக் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தகர மூடியைக் கழற்றி, கோணித் துணியைத் தண்ணீரில் நனைத்து பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றினேன். தண்ணீர் பட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்பியது. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

காரை ஓட்டி வந்த தம்பி இறங்கி வந்து, "நான் பாதி தூரம் வந்துட்டேன் சார், நீங்களே ரிவர்ஸ் எடுத்துடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், காரில் குழந்தைகளும் இருந்தார்கள். இதற்குள் எங்களுக்குப் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஷேர் வண்டி வந்து நின்றது. அதன் டிரைவர் மலைக்காரர். "அண்ணே, நீங்க வண்டியைப் பாருங்க, நான் பேசறேன்" என்று முன்னால் போனார். "தம்பி, ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி. நீங்க இருபதடி பின்னால போனா எல்லாரும் போயிடலாம்" என்றார். அந்தத் தம்பிக்கு ஆச்சரியம். "அப்படி ஒரு ரூல் இருக்கா?" என்று கேட்டார். அப்புறம் பின்னால் எடுத்து, ஒதுங்கி, வழி விட்டார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். விதி புதிதும் இல்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் 25ஆவதாகவே இது இருந்தது: மலைச் சாலையிலும் செங்குத்தான சாலையிலும் இரண்டு வண்டி தாராளமாக விலகிப் போக அகலம் இல்லாத இடத்தில், இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டியை முதலில் போக விட வேண்டும். 2017இல் வந்த புதிய ஓட்டுதல் விதிமுறைகளிலும் அது தொடர்கிறது.

காரணம் எளிது. இறங்குகிறவர் நின்றால், பிரேக்கை விட்டதும் வண்டி தானே கிளம்பிவிடும். ஏறுகிறவர் நின்றால், திரும்பக் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் வண்டியின் மொத்த எடையும் பின்னால் இழுக்கும். இப்போதைய கார்கள் பலவற்றில் மேட்டில் சில விநாடி வண்டியைத் தானாகவே பிடித்துக்கொள்கிற வசதி வந்துவிட்டது. அதில் ஓட்டிப் பழகியவர்களுக்கு எதிரே வருகிறவரின் கஷ்டம் தெரிய வாய்ப்பில்லை.

என் பழைய வண்டிக்காக மட்டும் இதைக் கேட்கிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். நான் வருடத்துக்கு நாலு முறை போகிறவன். மலையிலேயே வாழ்கிற மக்கள் சாமை மூட்டையோடும், பலாப்பழத்தோடும், பிரசவத்துக்குப் போகிற பெண்ணோடும் தினமும் அந்தப் பாதையில்தான் ஏறி இறங்குகிறார்கள். ஆள் நிறைந்த ஷேர் வண்டியும், லோடு ஏற்றிய டிராக்டரும், கவர்மென்ட் பஸ்ஸும் பாதி மேட்டில் நின்றால் என் வண்டியைவிட ஆபத்து அதிகம். அவற்றில் பலவற்றில் கட்டைகூட இருப்பதில்லை.

இறங்குகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் வண்டியைப் பிடிப்பதற்குப் பிரேக் மட்டும்தான் மிச்சம், அதுவும் சூடேறிவிட்டால் பிடிக்காது. அன்றைக்கு ஆலங்காயம் பக்கம் நாங்கள் இறங்கும்போது, முன்னால் போன ஒரு வண்டியின் பிரேக் கருகுகிற வாடை எங்கள் கேபின் வரைக்கும் வந்தது. காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் குவிமாடத்தைத் தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. இருட்டில் அந்தப் பாதையில் இப்படி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா மகன் கேட்டுக்கொண்டே வந்தான்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. மலையடிவாரத்தில், எல்லாப் பாதைகளின் தொடக்கத்திலும், மேலே வண்டி திரும்புகிற இடங்களிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும்: 'ஏறும் வண்டிக்கு முதல் வழி. இறங்குபவர் ஒதுங்கி நிற்கவும்.' ஒதுங்கும் இடங்களில் ஜல்லி கொட்டாமலும், காரை நிறுத்திப் போட்டோ எடுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா காலத்தில் இந்த மலை முழுக்க வட ஆற்காடு மாவட்டம், ஒரு கலெக்டருக்கு மனு கொடுத்தால் போதும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் திருப்பத்தூரும் பிரிந்தது. இன்றைக்கு ஒரே நாள் பயணத்தில் நான் மூன்று மாவட்டம் தாண்டுகிறேன். ஆகவே மூன்று மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஒரே மாதிரியான பலகையை வைக்கும்படி உங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

என் பிக்கப்பின் பின்கதவில் அந்த வாசகத்தை மஞ்சள் பெயின்டில் எழுதிவிட்டேன். நெடுஞ்சாலைத் துறை அனுமதி தந்தால் முதல் இரண்டு பலகைக்கான செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். கம்பத்தையும் சிமென்ட்டையும் என் வண்டியிலேயே மேலே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.